சித்ரகுப்தன் வேலைக்கு ஆள் எடுத்தபோது

காஞ்சிபுரத்தில் சித்ரகுப்தனுக்குத் தனிக் கோயில் இருக்கிறது. மனிதர் செய்யும் நல்லது கெட்டதை ஒன்று விடாமல் எழுதி வைப்பது அவர் வேலை என்பதால், சித்ரா பௌர்ணமியன்று அங்கே கூட்டம் நெரியும். என் கணக்கைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் எல்லோரும் போகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் கணக்கைப் புரட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. போட்டியாளர்களை ஒரு வீட்டில் அடைத்து வைத்துக் கேமராவில் காட்டும் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கி, அந்தக் குறையை 2017 ஜூன் 25 அன்று விஜய் டிவி தீர்த்து வைத்தது.

'பிக் பாஸ்' நம்மூர்ச் சரக்கல்ல. ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளரின் யோசனையில் 1999இல் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் பிறந்த 'பிக் பிரதர்'தான் அதன் மூலம். பெயர் ஜார்ஜ் ஆர்வெலின் நாவலிலிருந்து வந்தது. அந்த நாவலில் கண்காணிப்பது அரசு, கண்காணிக்கப்படுகிறவன் நடுங்குவான். டி மோல் கண்காணிப்பவரின் நாற்காலியைத் தூக்கி வந்து நம் வீட்டுக் கூடத்தில் போட்டார். கண்காணிக்கப்படுவதற்கு இப்போது ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

தமிழ் வடிவத்தில் பக்தி மரபின் சாயலைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வீட்டுக்குள் உருவமில்லாத ஒரு குரல் கட்டளையிடுகிறது. அசரீரிக்கு எதிர்க்கேள்வி கிடையாது. வார இறுதியில் விசாரணை. முதல் ஏழு சீசன்களும் அந்த விசாரணையை நடத்தியவர், கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லும் கமல்ஹாசன். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒருவர் சாதித்தால், அவர் சொன்னதைப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டும் 'குறும்படம்' ஓடும். சித்ரகுப்தனின் ஏட்டைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பது போலத்தான் அது. முதல் சீசனில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் குறும்படத்துக்காகக் காத்திருந்ததில் நீதி உணர்ச்சியும் இருந்தது, கொஞ்சம் குரூரமும் இருந்தது.

போட்டியாளர் தனியாக உட்கார்ந்து அந்தக் குரலிடம் பேசும் கன்ஃபெஷன் ரூம் இன்னும் விசித்திரம். கத்தோலிக்கர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்ட பாவத்தை வெளியே சொல்லும் குருவுக்கு அதே சங்கம் கடும் தண்டனையும் வைத்தது. கேட்டவர் வாய் திறக்க மாட்டார் என்ற உறுதியில்தான் மனிதன் மனத்தைத் திறந்தான். பிக் பாஸ் வீட்டிலோ ஊரே கேட்கும் என்று தெரிந்தேதான் அழுகிறார்கள். மன்னிப்பு வழங்க அங்கே யாருமில்லை. பார்வையாளர்களின் வாக்கு மட்டும் உண்டு.

பார்ப்பவர் யார் என்பது பழைய தத்துவக் கேள்வி. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் வரும். ஒன்று பழம் தின்னும். மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சாட்சி என்று வேதாந்தம் சொல்வது அந்த இரண்டாவது பறவையை. டிவி முன்னால் இருப்பவருக்குத் தானும் அப்படித்தான், எதிலும் ஒட்டாமல் பார்க்கிறோம் என்ற நினைப்பு. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே தின்கிறார். தின்பதும் முழுப் பழத்தை அல்ல. ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் எடிட்டர் அறுத்துக் கொடுத்த ஒரு துண்டு அது. எல்லாம் அறிந்தவன் தீர்ப்பு சொல்வதாக மதங்கள் நம்பின. இங்கே தீர்ப்புச் சொல்கிறவருக்குத் தெரிந்தது அந்தத் துண்டு மட்டும்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, யார் 'ரியலா இருக்காங்க', யார் 'கேமுக்காகப் பண்றாங்க' என்ற வழக்கு தெருவெல்லாம் நடக்கிறது. வஞ்ச மனத்தானின் பொய் ஒழுக்கத்தைக் கண்டு அவனுள்ளேயே ஐம்பூதங்களும் சிரிக்கும் என்றார் வள்ளுவர். வேஷத்தைக் கண்டுபிடிக்கும் சாட்சியை அவர் உள்ளே வைத்தார். கேமரா வெளியே நிற்கிறது. அதற்குச் செயல் தெரியும், எண்ணம் தெரியாது. கோபப்படுகிறவரைக் காட்டும், அந்தக் கோபம் அவருடையதா, நூறு நாள் அடைபட்ட எவருக்கும் வருவதா என்று அதனால் சொல்ல முடியாது. இந்தச் சந்தேகம் தீரவே தீராது என்பதால்தான் அடுத்த நாளும் பார்க்கத் தோன்றுகிறது.

முதல் சீசனில் போட்டியாளர் ஓவியாவுக்குக் கிடைத்த ஆதரவு அசாதாரணமானது. சமூக ஊடகங்களில் அவர் பெயரில் 'ஆர்மி' கிளம்பியது. வெளியேற்றத்துக்கான நாமினேஷனில் வந்தபோதெல்லாம் வாக்குகள் அவரைக் காப்பாற்றின. 2017 ஆகஸ்டில் அவர் தாமாகவே வெளியேறினார். அவரை வெளியே அனுப்ப மறுத்தவர்களின் கையில், உள்ளே நிறுத்தி வைக்கும் பொத்தான் எதுவும் இருக்கவில்லை. பட்டத்தை இன்னொரு போட்டியாளரான ஆரவ் வென்றார்.