நம்பிக் கொடுத்த காகிதம்

கரிசல் காட்டு மனிதனுக்குக் காலக் கெடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக அண்ணாந்து நிற்பவன் அவன். பருவம் தவறினால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. மழை பொய்த்தால் வானத்தை நொந்துகொள்ளலாம். ஆனால், 'நான் விதைத்துத் தருகிறேன்' என்று விதையை வாங்கிப் போனவன் அதைத் தன் வீட்டுப் பரணில் போட்டு மறந்துவிட்டால் யாரை நொந்துகொள்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் ஒரு பெண். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து விலகிய ஒரு சிற்றூர் அவளுடையது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்து ஒரே மகனைப் படிக்க வைக்கிறாள். கணவன் விவாகரத்துக் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தான். 'காரணமில்லாமல் என்னைக் கைவிட்டுப் போய்விட்டாள்' என்பது அவன் பிராது. உண்மையில் குழந்தையோடு இரவில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவள் அவள்தான்.

அவள் ஒரு வக்கீலிடம் வக்காலத்துக் கொடுத்தாள். "தேதிக்கெல்லாம் நீ வர வேண்டாம், கூலி போய்விடும். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். அன்பான வார்த்தைதான். ஆனால் எதிருரை தாக்கல் செய்யப்படவில்லை. வாய்தா நாளன்று அவரும் போகவில்லை. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டது. கணவனுக்கு மறுமணப் பேச்சு நடக்கிறது என்று ஊரார் சொல்லித்தான், நான்கு மாதம் கழித்து, அவளுக்கே தெரிந்தது.

"சேர்ந்து வாழணும்னு எனக்கு ஆசை இல்லை அண்ணாச்சி. ஆனா நான் விட்டுட்டுப் போனேன்னு கவர்மெண்டுக் காகிதத்துல எழுதியிருக்கே! நாளைக்கு எம் மகன் அதைப் படிப்பானே!" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஏனென்றால், அந்த வக்கீலை அவளுக்குச் சொல்லி அனுப்பியவனே நான்தான். 'நல்ல மனிதர், தெரிந்தவர்' என்றேன். அதன் பிறகு ஒரு நாளாவது, 'வழக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டேனா? இல்லை. ஆகவே, வாசக நண்பர்களே, இந்தக் கதையில் கவனக் குறைவுக்காரர் ஒருவர் அல்லர், இருவர்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் தவணை உண்டு. அது கடந்தால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். வக்கீலின் தவறு தக்க காரணம் ஆகுமா? 1981-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி. ஏ. தேசாய், வக்கீலை நம்பி ஊரில் இருந்த ஓர் எளிய கட்சிக்காரன் அவருடைய குற்றத்துக்காகத் துன்பப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தார். ஆனால் 1993-இல் அதே நீதிமன்றம், அது எல்லார்க்கும் பொதுவான விதி அன்று என்று எச்சரித்தது. அந்த வழக்கில் வந்தது கிராமத்தான் அல்ல. வழக்கு விவரம் அறிந்த ஒரு நிறுவனம்.

1998-இல் சென்னை வழக்கொன்றும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வக்கீலின் அலட்சியத்தால் 883 நாள் தாமதம். நுகர்வோர் மன்றம் அவர் 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று முன்பே உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றமும் தாமதத்தை மன்னித்தது. காலக் கெடு மக்களின் உரிமையை அழிப்பதற்காக ஏற்பட்டது அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அந்த நுகர்வோர் மன்ற வாசல் இன்று இல்லை. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம்; 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டனம், தற்காலிக விலக்கம், பெயர் நீக்கம் என்று தண்டனைகள் இருக்கின்றன.

வழிகள் உண்டு. ஆனால் எந்த வழியில் போவது நியாயம்?

அவளை அழைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் குமாஸ்தாவின் மேல் பழி போட்டார். பிறகு தன் உடல்நிலையைச் சொன்னார். கடைசியில், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவள் பணத்தைத் தொடவில்லை. "நீங்க செஞ்ச தப்பை நீங்களே கோர்ட்டுல எழுதிக் குடுங்கய்யா. அது போதும்" என்றாள்.

அப்போது எனக்குப் பாண்டியன் நெடுஞ்செழியன் நினைவு வந்தது. கோவலன் வழக்கில் நடந்ததும் ஒருதலைத் தீர்ப்புதானே! எதிர்த்தரப்பைக் கேளாமலே காரியம் முடிந்துவிட்டது. கண்ணகிக்கு வக்கீல் இல்லை. தானே சபைக்குப் போய் வழக்காடினாள். ஆனால் அந்த அரசனிடம் ஒரு பெருமை இருந்தது. பொற்கொல்லன் மேல் பழியைப் போட்டு அவன் தப்பிக்கவில்லை. குற்றம் தன்னுடையதே என்று தன் வாயால் சொன்னான். தவறு செய்தது அவனைச் சிறுமைப்படுத்தியது. ஒப்புக்கொண்டது அவனை இன்றளவும் காக்கிறது.

வக்கீல் நெடுநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு நாள் கழித்துப் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். வேறொரு வக்கீல் மூலம் மனுப் போட்டோம். செலவுத் தொகை கட்டும்படி உத்தரவிட்டு, கோர்ட்டு தாமதத்தை மன்னித்தது. பிறகு தீர்ப்பும் நீக்கப்பட்டது. அந்தத் தொகையை வக்கீலும் நானும் சரிபாதியாகக் கட்டினோம். அவள் கூண்டில் ஏறித் தன் கதையைச் சொன்னாள். கடைசியில் இருவரும் சம்மதித்தே பிரிந்தார்கள். 'கைவிட்டுப் போனவள்' என்ற சொல் காகிதத்தில் நிலைக்கவில்லை.

பார் கவுன்சிலுக்குப் புகார் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். "அவுக வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு" என்று மறுத்துவிட்டாள். இன்றும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவளுக்கு இழைத்த தீங்கை மன்னிக்க அவளுக்கு உரிமை உண்டு. நாளை அதே நாற்காலியின் எதிரில் வந்து உட்காரப் போகும் இன்னொருத்திக்காக மன்னிக்க உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை, என்னிடமும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். ஒப்புக்கொள்ளாத தவற்றை மன்னிப்பது கருணை ஆகாது. அதுவும் ஒரு கவனக் குறைவே. அவள் அந்த வரிசையை மாற்றவில்லை. முதலில் உண்மையை எழுதி வாங்கினாள். அதன் பிறகே மன்னித்தாள்.

இப்போதெல்லாம் யாரேனும் என்னிடம், 'நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், பெயரைச் சொல்வதோடு வாய்தாத் தேதியையும் கேட்டு என் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறேன்.