பூட்டிய அறைக்குள் யார்?

பேய்ப் படம் பார்க்கிற பலர் பேயை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 2005-இல் வந்த 'சந்திரமுகி'யில் பூட்டிய அறையின் கதை என்ன? அரசன் ஒருவன் ஆசைப்பட்டுத் தூக்கிவந்த நாட்டியக்காரி. அவள் கண்ணெதிரே வெட்டுண்ட காதலன். பிறகு அவளுக்கே வைத்த தீ. சலங்கைச் சத்தம் கேட்டு நடுங்குகிறோம். ஆனால் அந்த அரண்மனையில் கொடுமை செய்தது உயிரோடிருந்த மனிதன். பேய்க்கதைக்குள் இருப்பது வாழவிடாத ஒரு காதல். மதம் கடந்த காதல் படங்களிலோ இதே அச்சம் வெட்டவெளியில், பகலிலேயே நடமாடுகிறது. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தில் இரட்டைப் பிள்ளைகள்மீது மண்ணெண்ணெய் ஊற்றி, நீ இந்துவா முஸ்லிமா என்று கேட்கிறது ஒரு கும்பல். பதில் சொல்லத் தெரியாத அந்தச் சின்ன முகங்களைவிடக் குலைநடுங்க வைக்கும் காட்சி எந்தப் பேய்ப் படத்திலும் இல்லை.

பொழுதுபோக்குக்கு எடுத்த படத்தில் இவ்வளவு தேட வேண்டுமா என்று கேட்கலாம். எடுத்தவர் இதையெல்லாம் நினைத்தாரா என்பது பெரிய கேள்வியே அல்ல. எந்த இடத்தில் நம் கை நாற்காலியை இறுகப் பிடித்தது என்பதே போதுமான சான்று. பொழுதுபோக்கு என்று அசந்திருக்கும்போதுதான் மனம் தன் பயத்தை மறைக்காமல் காட்டுகிறது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) முடிவில் காதலன் பூணூலையும் காதலி சிலுவையையும் கழற்றியபோது மிரண்டவர்கள் உண்டு, கண் கலங்கியவர்களும் உண்டு. அடுத்த முறை திரையில் ஒரு பேய் அழும்போது, அதை அழவைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள்.