நாலு பேர் சுமந்த கட்டில்



அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தில் வருகிற திமிர்வாதக்காரனை அறிவீர்கள். நாலு பேர் அவனைச் சுமந்துவந்து, கூட்டத்தினால் வாசலில் வழி கிடையாமல், கூரையைப் பிரித்துச் சேசுநாதருக்கு முன்பாக இறக்கினார்கள். அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. ஆண்டவரோ சுமந்தவர்களின் விசுவாசத்தையும் கண்ணோக்கினார்.

மோட்டார் நியூரான் நோய் என்றொரு வியாதி உண்டு. தசைகளை ஏவுகிற நரம்பணுக்கள் மடிந்து, கைகால்களும் நாவும் சுவாசமும் வரவரத் தளர்ந்துபோகும். பாரீஸ் வைத்தியரான சார்க்கோ 1869-ல் இதன் முக்கிய வகையை விவரித்தார். இன்றுவரை பூரண குணம் தரும் மருந்தில்லை. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலூசோல் ஆயுளைச் சில மாதங்களே நீட்டுகிறது.

மருந்தில்லை என்றதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறோமே, அது சரியா? அயர்லாந்தைப் பாருங்கள். டப்ளின் நகரில் நரம்பு வைத்தியர், தாதி, உடற்பயிற்சி நிபுணர், பேச்சு நிபுணர், உணவு நிபுணர் முதலானோர் ஒன்றுகூடி இந்நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக் ஏற்பட்டது. அங்கே சென்றவர்கள், பொதுவான நரம்பு கிளினிக்குகளுக்குச் சென்றவர்களைவிடச் சுமார் 7½ மாதம் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. வந்தவர்கள் வயதில் இளையவர்கள்தானே என்பீர்கள். மெய்தான், அதைக் கணக்கில் கொண்ட பிறகும் நன்மை காணப்பட்டது. ஒரு புது மருந்துமல்ல, பல கைகள் சேர்ந்து செய்த காரியம்!

இங்கிலாந்தின் நியூகாசிலில் 2006-ல் வெளியான பரிசோதனையில், முகமூடி வழியாய்ச் சுவாசத்துக்குத் துணைசெய்யும் இயந்திரம், தொண்டைத் தசைகள் மிகத் தளராதவர்களுக்கு 205 நாள் அளவு ஆயுளைக் கூட்டிற்று. ஆயினும் இரவில் அந்த முகமூடியைச் சரிசெய்கிறவர் யார்? வைத்தியரல்ல, மனைவியோ மகனோதான். அவர்களும் கட்டிலைச் சுமக்கிறவர்களே. அவர்களையும் விசாரியுங்கள், ஒரு மத்தியானமாவது அவர்கள் தூங்கும்படி நீங்கள் போய் உட்காருங்கள்.

வயிற்றில் உணவுக்குழாய் வைப்பதா, சுவாச இயந்திரம் வேண்டுமா என்பதை, நோயாளிக்குப் பேச்சு இருக்கும்போதே அவரிடம் கேட்கவேண்டும். சிலருக்குச் சிந்தனையும் தளருவதுண்டு. ஆனால் காது பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகையால் கட்டிலருகே நின்று, அவர் அங்கே இல்லாததுபோல் அவரைப்பற்றிப் பேசாதேயுங்கள். நாவு முற்றும் அடங்கினபின் எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு சொல் முடிய வெகுநேரம் பிடிக்கும். அவருக்காக அதை நீங்களே முடித்துவிடாமல், காத்திருங்கள்.