அவை முன் வைத்தால் போதுமா?

திருவனந்தபுரம் மாநகராட்சிக்குள் 120 சதுர மீட்டரில் வீடு கட்ட நினைத்த குடும்பம், 2023 ஏப்ரல் 10 முதல் அனுமதிக் கட்டணமாக மட்டும் 12,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்தபின், 2024 ஆகஸ்டு 1 முதல் அதே வீட்டுக்கு 4,800 ரூபாய் போதும் என்றானது. முதல் தொகை நியாயமென்றால் இவ்வளவு குறைப்பானேன்? அநியாயமென்றால், வசூலிக்கும் முன்பே மறித்துக் கேட்கும் கடமை யாருடையது?

கேரளச் சட்டமன்றத்தின் 140 உறுப்பினர்களுடையது. ஆனால் சட்டத்தை நிறைவேற்றும் பேரவை, தொகையை நிர்ணயிக்கும் வேலையை விதிகளுக்கு விட்டுவிடுகிறது. விதியைப் பதினான்கு நாள் அவை முன் வைக்க வேண்டும், அவை அதைத் திருத்தலாம், நீக்கலாம் என்பது கேரளச் சட்டங்களின் வழக்கமான வாசகம். அதற்குள் வசூல் தொடங்கிவிடும். 2003 மின்சாரச் சட்டத்தின் 182ஆம் பிரிவு இன்னும் மெலிந்தது: மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிமுறைகளை அவை முன் வைக்கச் சொல்கிறது, திருத்துவது பற்றிப் பேசவே இல்லை. கேள்வி கேட்க வாய்ப்பில்லாத இடத்தில் காகிதத்தை வைப்பதை மக்களின் சம்மதம் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஐந்தாண்டுகளில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் விதி, சட்டமன்றம் ஒப்புதல் தரும்வரை நடைமுறைக்கு வராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோல் செலவு எவ்வளவு என்று பார்க்கிறதே தவிர, யாருடையது என்று பார்ப்பதில்லை. 2024 மே மாதம் கேரளத்தின் ஏலூர் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தவர்களின் முதலீடு அழிந்தது. அங்கே ஆலைக்கழிவுக்குக் கடுமையான விதி வந்தால் ஆலைகளுக்குப் பெருஞ்செலவுதான். அந்தச் செலவைக் காட்டி விதியை அவையில் முடக்க ஆலைகளுக்கு வலு உண்டு. மீனவருக்கு அந்த வலு கிடையாது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் அவருக்கே.

ஆகவே கட்டண விதியையும் பாதுகாப்பு விதியையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு. உயிரையும் நீரையும் காக்கும் விதி உடனே நடைமுறைக்கு வரட்டும். அவை பிறகு ஆராயட்டும். மக்களிடமிருந்து அரசு பணம் வாங்கும் விதி முதலில் அவையில் வாக்குக்கு வர வேண்டும். 2023 பிப்ரவரியில் குடிநீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா உயர்ந்தபோது கூட்டத்தொடர் நடந்துகொண்டுதான் இருந்தது. அமைச்சர் அதை அவையில் அறிவித்திருந்தால் நல்ல முன்னுதாரணமாக இருந்திருக்கும் என்று சபாநாயகர் ஏ.என். ஷம்சீரே சொல்ல நேர்ந்தது. அறிவிப்பு மட்டும் போதாது. 1980இலேயே துறைவாரிக் குழுக்களை அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய பேரவை இது. கட்டண அட்டவணை ஒவ்வொன்றும் அந்தக் குழுக்களைத் தாண்டாமல் வெளியே வரக் கூடாது என்று விதிக்க அதற்குப் புது அதிகாரம் எதுவும் தேவையில்லை, துணிவுதான் தேவை.