வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு

வெள்ளிக்கிழமை மதியம் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குவதுகூடக் கஷ்டம். ஜும்ஆவுக்குக் கடைகளை அடைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் ஆட்டோவும் சனமும் நெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பூசைக்குப் புறப்படுகிற நேரத்தில் ஊர் தன் பாட்டில் யாவாரத்தைத் தொடங்கியிருக்கும். நீர்கொழும்பில் பிள்ளை வளர்க்கிற என் தங்கைக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கே தவக்காலம் வந்தால் தெருவே சொல்லிக்கொடுக்கும். தாய் தகப்பன் கொஞ்சம் அசந்தாலும் கோயில் மணியும் பக்கத்து வீடும் பார்த்துக்கொள்ளும். இங்கே வீடு சொல்லாமல் விட்டதைப் பிள்ளைக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே பஸ்ஸில் வந்தால் எங்கள் கரையின் அமைப்பு விளங்கும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூரவருக்குத் தெரியாது. இதற்குள் கிறிஸ்தவர்கள் தூவலாகத்தான் இருக்கிறோம். உள்ளே சொறிக்கல்முனைக்குப் போனால் மட்டும் திருச்சிலுவை ஆலயத்தைச் சுற்றி ஒரு ஊரே நம்முடையதாக இருக்கும். செப்டம்பர் 14 திருநாளுக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போவேன். தங்களைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வருடத்தில் ஒருமுறையாவது அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

ஊருக்கு எங்களைப் பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் தெரியும். மெதடிஸ்த மிஷனரிமார் 1883இல் தொடங்கிய உவெஸ்லி, கன்னியாஸ்திரிகள் வளர்த்த கார்மேல் பற்றிமா. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்கூடச் சின்ன வயதில் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர்தான். இந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் காலத்தைக் கடத்திவிடுகிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பள்ளிக்கூடம் படிப்பைக் கொடுக்கும். விசுவாசத்தையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

சமய பாட வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்தாக வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கும் அது கட்டாயம். அரசாங்கம் புத்தகத்தை இலவசமாகத் தருகிறது, அதிலும் கத்தோலிக்கத்துக்கு ஒன்று, கிறிஸ்தவத்துக்கு வேறொன்று. (கணவர் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. எந்தப் புத்தகம் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாநாடே நடந்தது.) வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் சைவநெறிப் புத்தகத்தைத் திறக்க, எங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போவார்கள். மகள் ஆறாம் தரத்தில் ஒருநாள் கேட்டாள், "நாங்க மட்டும் ஏனம்மா எழும்பிப் போகணும்?" சமாதானம் சொல்லி மழுப்ப மனம் வரவில்லை. நம்புகிறவர்கள் எழும்பத்தான் வேண்டும் என்றேன். இருந்த இடத்திலேயே எல்லாம் கிடைக்கிற பிள்ளைக்கு வராத ஒரு கேள்வி அவளுக்குப் பதினொரு வயதில் வந்துவிட்டது. அதை நான் நட்டமாக நினைக்கவில்லை.

காலங்களும் இங்கே வேறு மாதிரி. நத்தார் எங்களுக்கு மாரியில் வருகிறது. வாடைக்காற்று, இடுப்பளவு வெள்ளம், காயாத உடுப்பு. பெரும்போகப் பயிர் அப்போது வயலில் பச்சையாக நிற்கும். வெட்டு மாசி பங்குனியில்தான். ஆகவே பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடுவதே ஒரு வேலை. ஒருமுறை மகனும் தகப்பனும் சம்மாந்துறைப் பக்கம் ஒரு போடியாரின் மாட்டுக் காலைக்குப் போனார்கள். எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். சொன்னதும், "ஈஸா நபிக்கோ? அப்ப நல்ல வைக்கலாப் பாத்து அள்ளுங்க மனே" என்று அடியில் நனையாமல் கிடந்த சிறுபோக வைக்கோலை அவரே உருவிக் கொடுத்தாராம். குர்ஆனில் மர்யம் என்ற பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது என்று மகனுக்குச் சொன்னவரும் அவர்தான். அந்த வருடம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவன் குடிலைக் காட்டினானோ இல்லையோ, வைக்கோலைக் காட்டினான்.

ஆனால் 25ஆம் திகதிச் சந்தோஷத்தை எங்களால் மறுநாளுக்குக் கொண்டுபோக முடியாது. 2004 டிசம்பர் 26 அந்த இடத்தில் நிற்கிறது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் எடுத்தது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது பிள்ளைகளையும் நிறுத்துவேன். முதல்நாள் உடுத்த புதுச்சட்டையோடுதான் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசாதே என்று கொழும்பு உறவினர் புத்தி சொல்கிறார்கள். இந்தக் கரையில் பேசாமல் வளர்க்க வழியில்லை.

தவக்காலத்தை எங்களுக்குப் படிப்பித்தது நோன்பு. 2025இல் இரண்டும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கின. பக்கத்து வீட்டு ராத்தாவின் மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, பத்து. அவன் ஸஹருக்கு எழும்பி, பகல் முழுக்கத் தண்ணீர் படாமல், பின்னேரம் உதடு காய்ந்து வேலியோரம் நிற்பான். என் மகன் அந்த நாற்பது நாளுக்கு விட்டது டொபியை. மூன்றாம் நாளே கேட்டுவிட்டான்: "இதெல்லாம் ஒரு நோன்பாம்மா?"

சட்டப்படி அவனுக்கு ஒன்றுமே கடமை இல்லை. 1966இல் ஆறாம் பவுல் பாப்பரசர் விதிகளைத் தளர்த்திய பிறகு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான் ஒருசந்தி நாட்கள், அதுவும் இப்போதைய விதிப்படி பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு. இறைச்சி தவிர்ப்பது பதினாலிலிருந்து. கடற்கரையில் அது என்ன தவம்? வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் பாரைமீன் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டம் தளர்ந்தது நல்லதற்கே. ஆனால் தளர்ந்த இடத்தை நாமாக எதையாவது வைத்து நிரப்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வருடம் வெள்ளி இராச் சாப்பாடு கஞ்சியும் சம்பலும் மட்டும் என்றானது. மிச்சக் காசு தவக்கால உண்டியலுக்குள் போனது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நோன்புக் கஞ்சி வந்த வெள்ளிகளில் சமையலே இல்லை.

செபமாலையும் அப்படித்தான். ஏழு மணிக்கு என்று வைத்தால் ஏழரையாகும், எட்டாகும், நாடகம் வந்துவிடும். மஃரிபு பாங்கு மட்டும் யாருக்காகவும் பிந்தாது. பாங்கு முடிந்ததும் முழந்தாளிடுவது என்று வைத்தோம். இப்போது நான் மறந்தாலும் பிள்ளைகள் மறப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு 2019ஐச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். ஐந்து நாள் கழித்து வெள்ளி இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. வாடகைக்கு வந்திருந்த அந்நியர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். ஆனால் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ராத்தாவை மாமி என்று கூப்பிடுகிற மகள் சத்தமில்லாமல் கேட்டாள், "மாமி வீட்டாக்களும் அவங்கட ஆக்களாம்மா?"

ஆலயங்கள் பூட்டியிருந்தன. அடுத்த ஞாயிறு கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். பகைவரையும் நேசி என்று அந்த நாட்களில் எல்லோரும் போதித்தார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்து வீட்டு ராத்தா பகையாளியே இல்லை. பிள்ளைக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதை வாயால் சொல்லி நம்பவைக்கவும் முடியாது. குண்டு வெடித்த இரவு விடிந்ததும் ராத்தா வேலிவரை வந்தார். வழமைபோல் உள்ளே வரவில்லை, அங்கேயே நின்று, "புள்ளயள் சாப்பிட்டாங்களாகா?" என்றார். நான் ஒரு தட்டில் இருந்த பலகாரத்தை வைத்து மகளின் கையில் கொடுத்து அனுப்பினேன். பயந்து பயந்துதான் போனாள். திரும்பி வர அரை மணித்தியாலம் ஆனது, வரும்போது தட்டில் தொதல் இருந்தது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் கடைகளை எரித்தபோது, மாமியின் தம்பி அந்தப் பக்கம்தானே கடை வைத்திருக்கிறார் என்று என்னிடம் முதலில் கேட்டவள் அவள்.

ஊருக்குப் பயந்து பிள்ளையைப் பொத்தி வளர்க்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் டியூஷனைப் பற்றித்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வந்தால் போதும், ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பு, பூசையும் இல்லை, மறைக்கல்வியும் இல்லை. சைவப் பிள்ளைகளின் அறநெறி வகுப்புக்கும் இதே கதிதான். ராத்தாவின் மகனுக்குப் பின்னேர மத்ரஸா நேரத்தில் எந்த வாத்தியாரும் வகுப்பு வைப்பதில்லை, ஏனென்றால் வைத்தால் ஒரு பிள்ளையும் வராது. நாமும் அனுப்பாமல் விட்டால் ஞாயிறு காலை வகுப்பும் தானாக நிற்கும். டியூஷன் வாத்தியார்மாரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை: ஞாயிறு வகுப்பைப் பத்தரைக்குத் தொடங்குங்கள். அதுவரை பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்தால் சரி.