தடைபட்ட ஆட்சி

உடலைப் பேணுவது ஆன்மிகத்துக்குத் தடையா, துணையா? ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவ மரபு இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. பெரியாழ்வார் செய்த தொண்டு நந்தவனப் பணி. மண் கொத்தி, நீர் ஊற்றி, பூப்பறித்து மாலை கட்டுவதற்குத் திடமான உடல் வேண்டும். ஆண்டாளின் நேர்த்திக்கடனைத் தாமே செலுத்தியதால் ‘கோயில் அண்ணர்’ என்று இவ்வூர் மரபு கொண்டாடும் ராமானுஜர், இன்னும் ஆழமாகப் போகிறார். ஓர் ஆன்மா எதைத் தன் பயனுக்காகத் தாங்கி, இயக்கி, தனக்கே உரியதாகக் கொள்ளுமோ அதுவே அதன் உடல் என்று தம் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் இலக்கணம் வகுக்கிறார். அப்படியானால் முடங்கிப்போன கை உடல் ஆகாதா என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: ஆன்மாவின் ஆட்சி அழிந்துவிடவில்லை, தடைபட்டிருக்கிறது, அவ்வளவே. உலகும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்று நிறுவவே அவர் இதைச் சொன்னார், மருத்துவத்துக்காகச் சொல்லவில்லை. ஆயினும், நோயாளிக்கு ஏற்றபடி பயிற்சியை அளந்து வகுத்துத் தரும் உடற்பயிற்சி உடலியல் வல்லுநரின் வேலை என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது. அந்த வல்லுநர் தடையை நீக்குகிறவர்.

பக்கத்து ராஜபாளையத்திலிருந்து ஒரு மறுப்பு வரும். நூற்பாலையில் ஷிப்டு முழுக்க நின்றும் நடந்தும் அறுந்த நூலை இணைப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? நியாயமான கேள்விதான். 1953-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வாளர் ஜெரி மோரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, பஸ்ஸின் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். ஆனால் 2021-ல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், ஓய்வு நேர உடலியக்கம் மிகுந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைவாகவும், பணியிடத்தில் உடலுழைப்பு மிகுந்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. வருமானம், படிப்பு, பழக்கவழக்கங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. பயிற்சியில் இதயத்துடிப்பு சற்று நேரம் ஏறி, பிறகு இளைப்பாறுகிறது. கடும் உழைப்பில் மணிக்கணக்காக இறங்காமல் நிற்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கருதும் ஒரு காரணம். கண்டக்டரின் படியேற்றம் விட்டுவிட்டு நிகழ்ந்தது. ஓயாமல் உழைப்பவரின் உடலுக்கோ வேகத்தை நிர்ணயிப்பது எந்திரம். ராமானுஜரின் சொல்லில், அங்கே ஆன்மாவின் ஆட்சி தடைபட்டிருக்கிறது.

இன்னொரு மறுப்பு பக்தியின் பெயரால் எழும். சதுரகிரி மலைக்குத் தாணிப்பாறையிலிருந்து அமாவாசை, பௌர்ணமியில் ஏறுகிறவர்கள் மகாலிங்கத்தை நம்பி ஏறுகிறார்கள். ஆடிப்பூரத்தில் தேர்வடம் பிடிக்கிறவர்கள் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அளந்து பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்பது இவ்வாதம். ஆனால் உடலே இறைவனுக்கு உரியது என்றால், அளவறியாமல் அதைச் சிதைப்பது காணிக்கை ஆகாது. வருடம் முழுக்க அசையாமலிருந்துவிட்டு ஒரே நாளில் செங்குத்தான மலை ஏறுவது, பழகாத இதயத்துக்கு உண்மையான ஆபத்து. சில மாதம் முன்பே இதயத்தைச் சோதித்து, எவ்வளவு தூரம், எந்த வேகம், எப்போது நிற்பது என்று படிப்படியாகப் பழக்குகிறவர் அந்தப் பக்தரின் நேர்ச்சைக்குத்தான் துணை நிற்கிறார். பெரியாழ்வாரின் தொண்டும் அன்றாடம் தொடர்ந்த வேலைதானே.

‘நடங்கள்’ என்று டாக்டரே சொல்லிவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவரும், ஸ்டென்ட் வைத்தவரும், முழங்கால் தேய்ந்தவரும் ஒரே நடையை நடக்க முடியாது. மருந்துக்கு அளவு இருப்பதுபோல் அசைவுக்கும் உண்டு. அந்த அளவை வகுப்பவர்கள்தான் உடற்பயிற்சி உடலியல் வல்லுநர்கள். ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட நோயாளிகள் இவர்களிடம் பயிற்சி பெறும் செலவில் ஒரு பகுதியை 2006 முதல் அரசின் மெடிகேர் ஏற்கிறது. இங்கும் அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் அவர்கள் எழுதும் சீட்டில் பயிற்சியோடு ஓய்வும் இடம்பெற வேண்டும். அதை ஆலை நிர்வாகமும் மதிக்க வேண்டும். இளைப்பாற நேரம் தராமல் பயிற்சி மட்டும் சொல்வது, தடையை அப்படியே விட்டுவிட்டுத் தடைபட்டவரைக் குறை சொல்வதாகும்.