பற்றும் அமானிதமும்

போராளிக்குக் காதல் ஆகுமா? குடும்பமும் பாசமும் இலட்சியத்துக்குப் பகையா? மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக யுத்தத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. என்றாலும் அண்மையில் இதை என்னிடம் கொண்டுவந்தவர்கள் பத்தாம் தர மாணவர்கள். அவர்கள் கேட்டது எமது யுத்தத்தைப் பற்றியும் அல்ல. விண்வெளிப் படமொன்றைப் பற்றி.

ஜோர்ஜ் லூகாஸ் 1977இல் தொடங்கிய ‘ஸ்டார் வோர்ஸ்’ படவரிசையில் ஜெடாய் என்றொரு கூட்டத்தார் வருகிறார்கள். வாளேந்திய துறவிகள் அவர்கள். சின்னஞ்சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து எடுத்து வளர்க்கப்படுபவர்கள். எவர் மீதும் பற்று வைக்கக் கூடாது, மணம் முடிக்கக் கூடாது என்பது அவர்களது விதி. அனகின் என்ற அடிமைச் சிறுவன் ஒன்பது வயதில் அவர்களிடம் வருகிறான். அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. தாய் அடிமையாகவே பின்னால் விடப்படுகிறாள். பல ஆண்டுகளின் பின், அவள் சித்திரவதைப்பட்டு உயிர் விடும் வேளையில்தான் மகன் போய்ச் சேர்கிறான். 2002இல் வந்த படத்தின் முடிவில் அவன் பத்மே என்ற பெண்ணை இரகசியமாக மணக்கிறான். 2005இல் வந்த படத்தில், பிரசவத்தில் அவள் இறப்பதாகக் கனவு கண்டு அஞ்சி, அவளைக் காக்கும் வித்தையைக் கற்றுத் தருவதாக ஆசை காட்டியவனின் பக்கம் போய்விடுகிறான். ஜெடாய் ஆலயத்தில் பயின்ற சிறுவர்களைக் கொல்கிறான். எவளைக் காக்கப் புறப்பட்டானோ அவளது கழுத்தையே ஈற்றில் நெரிக்கிறான்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விதி சரியானதுதான், அதை மீறியதால் வந்த வினை இது என்றனர் ஒரு சாரார். விதிதான் அவனைக் கெடுத்தது, மறைத்து வாழ வேண்டியிருந்ததால் தன் அச்சத்தை எவரிடமும் சொல்ல வழியில்லாமல் போயிற்று என்றனர் மறு சாரார். இரு பக்கமும் பாதி உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. மறுபாதியைத் தேட விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை.

போரிடும் அமைப்புகள் காதலுக்குத் தடை போடுவது புதிதல்ல. சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்கள் பிரமச்சரிய விரதம் பூண்ட துறவிகள். உஸ்மானிய சுல்தான்களின் ஜானிஸரிப் படைக்கு, கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். சேவையில் இருக்கும்வரை அவர்களுக்கும் ஆரம்ப காலத்தில் திருமணம் தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே இதனை மாற்று மதத்தாரின் பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. எமது மண்ணில் விடுதலைப் புலிகள் இயக்கமும் தொடக்கத்தில் காதலையும் திருமணத்தையும் உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. 1980இல் உமா மகேஸ்வரன் இயக்கத்திலிருந்து பிரிந்தபோது, அவர் மீது சொல்லப்பட்ட முக்கிய குற்றச்சாட்டு ஒரு காதல் தொடர்பு பற்றியதே. நான்கு ஆண்டுகள் கழிந்து, யாழ். பல்கலைக்கழகத்தில் உண்ணாவிரதம் இருந்த மாணவிகளில் ஒருவரான மதிவதனியைத் தலைவர் பிரபாகரன் 1984 ஒக்டோபரில் திருப்போரூரில் மணந்தார். அதன் பின் விதி தளர்ந்தது. குறித்த வயதும் சேவைக் காலமும் நிறைந்தவர்கள் அனுமதி பெற்று மணம் முடிக்கலாம் என்றாயிற்று.

தலைவருக்கு வந்த நேசம் ஒரு விதியைத் தளர்த்தியதில் நான் குறை காணவில்லை. அது மனித இயல்பின் வெற்றி. ஆனால், படுவான்கரைக் கிராமங்களிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதில் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த அனுமதி வயதை எட்டவே இல்லை. அவர்களுக்குத் தடுக்கப்பட்டது காதல் மட்டுமல்ல. தாயின் மீதுள்ள பாசத்தையும் அவர்கள் முகாம் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

ஓர் அமைப்பு ஏன் இதைக் கேட்கிறது? பற்றுள்ளவன் சாகத் தயங்குவான் என்பதற்காக என்பார்கள். அது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என நினைக்கிறேன். பற்றுள்ளவனிடம் அமைப்பின் தராசைத் தவிர இன்னொரு தராசும் இருக்கிறது. எதிரியின் பிள்ளையைக் காணும்போது தன் பிள்ளையின் முகம் அவனுக்கு நினைவில் வரக்கூடும். கட்டளை சரிதானா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. எனவே பாசத்தை அழிப்பது அமைப்பின் நோக்கமல்ல. அதை முழுமையாகத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்வதே நோக்கம்.

2004 மார்ச்சில் கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் சண்டை நடந்து, கிழக்கின் படையணிகள் கலைக்கப்பட்டபோது, பெருந்தொகையான சிறுவர் சிறுமியர் வீடு திரும்பினார்கள். பல பெற்றோர் முகாம்களுக்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். மீண்டும் ஆள்சேர்க்க வந்தபோது கதவை மறித்து நின்ற தாய்மாரும் உண்டு. மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துக்கொள்கிறேன். குழந்தையை ஆற்றில் விட்ட அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. அவருடைய கண் குளிரும்படி பிள்ளையை அல்லாஹ் அவரிடமே திருப்பிக் கொடுத்தான். ஒரு நபியின் பெரும்பணிக்குக்கூட, தாயின் பாசம் தடையாகக் கருதப்படவில்லை.

துறவறத்தைத் தான் விதிக்கவில்லை என்று சூரா அல்ஹதீதில் இறைவன் சொல்கிறான். ஸல்மான் (ரழி) அவர்கள் தமது சகோதரராக்கப்பட்ட அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே மனைவி தன்னைப் பேணாத கோலத்தில் இருந்ததைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலகில் நாட்டமில்லை என்று அறிந்ததும், இறைவனுக்கு உரிய ஹக்கைப் போல உடலுக்கும் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு என அவருக்கு உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைச் சரிகண்டார்கள். தமது மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது நபிகளார் கண்ணீர் விட்டதும், அக்கண்ணீரை ரஹ்மத் என்றதும் நாம் அறிந்தவை. யஃகூப் (அலை) அவர்கள் பார்வை போகும் அளவுக்கு மகனுக்காகக் கவலைப்பட்டார்கள். அழகிய பொறுமைக்கும் அவர்களே எமக்கு உதாரணம்.

இங்கே நாம் நிறுத்திக்கொண்டால், பாசத்தை அனுமதித்த மார்க்கம் எம்முடையது என்ற பெருமையோடு கட்டுரை முடிந்துவிடும். அது நேர்மையாகாது.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாயல்களில், இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழிந்து ஏறாவூரில் இரவோடிரவாகப் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த இழப்புகளிலிருந்து பொங்கியதும் பாசம்தான். ஆனால் அதே ஓகஸ்டில் வீரமுனையில், கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அக்கொலைகளில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீதும் குற்றம் சாட்டப்படுகிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று மேடைகளில் சொல்லும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாயை இழந்த அனகின், ஒரு குடியிருப்பின் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவைக்காமல் வெட்டினான். பாசம் தானாகவே நீதியாகிவிடுவதில்லை. அதனால்தான் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்குமாறு சூரா அந்நிஸா கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு எம்மை அநீதிக்குத் தூண்டக் கூடாது என்று சூரா அல்மாயிதா எச்சரிக்கிறது.

2019 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவனும் கூட்டாளிகளும் துறவிகள் அல்லர். மனைவியும் மக்களும் உள்ளவர்கள். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், அவனது உறவினர்கள் தம் பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். குடும்பம் இருந்தால் மனம் இளகும் என்ற என் மாணவர்களின் நம்பிக்கைக்கும், ஏன், மேலே நான் சொன்ன தராசுக்கும், அந்த வீடு கடினமான பதிலைச் சொல்கிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? பற்று உண்டா இல்லையா என்பதில் அல்ல. நேசிப்பவரை எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதில் என்றே நான் நினைக்கிறேன். பிள்ளையை எமது சொத்தாகவும் வைத்திருக்கலாம், அல்லாஹ் தந்த அமானிதமாகவும் வைத்திருக்கலாம். சொத்து என்று எண்ணுபவன் இழக்க அஞ்சி எதையும் செய்வான். அல்லது தான் போகும் இடத்துக்கு அதையும் இழுத்துக்கொண்டு போவான். அனகின் செய்தது முதலாவது. சாய்ந்தமருதில் நடந்தது இரண்டாவது. பிள்ளையைத் தாயிடமிருந்து பறித்துத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளும் இயக்கமும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. அமானிதம் என்று எண்ணுபவனோ, அது திரும்பக் கேட்கப்படும் என்பதையும் அறிவான், அதுவரை அதற்கு உரிய ஹக்கு உண்டு என்பதையும் அறிவான். அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே உடையவனின் அமானிதம் என்பது அவனுக்கு விளங்காமல் போகாது.

இப்ராஹீம் (அலை) மகனை அறுக்கத் துணியவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். மூளைச்சலவை செய்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் நாம் நினைவுகூரும் அந்த வரலாற்றில் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அறுக்கும் முன் அந்தத் தந்தை, மகனின் கருத்தைக் கேட்டார். அறுக்க விடாமல் அல்லாஹ்வே தடுத்தான். சாய்ந்தமருதுக் குழந்தைகளை எவரும் கேட்கவில்லை.

ஆகவே எமது பிள்ளைகளை ஏதேனுமோர் இலட்சியத்தின் பெயரால் எவர் அழைத்தாலும், அவர் இயக்கமாக இருக்கட்டும், ஜமாஅத்தாக இருக்கட்டும், அரசாக இருக்கட்டும், இரண்டு கேள்விகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். உம்மாவுக்குச் சொல்லிவிட்டு வர விடுவீர்களா? வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்குத் திரும்பிப் போக விடுவீர்களா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது அமானித மோசடி என்பதே என் நிலைப்பாடு.